‘ஆஸ்கர்’ (1991): தாதா, மகள், மூன்று கறுப்புப் பெட்டிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் படம்? யார் எடுத்தது?

1991 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியான நகைச்சுவைப் படம் ‘ஆஸ்கர்’. டிஸ்னி குழுமத்தின் டச்ஸ்டோன் நிறுவனம் வெளியிட்ட இப்படத்தை ஜான் லாண்டிஸ் இயக்கினார். சில்வெஸ்டர் ஸ்டாலோன் ஆஞ்செலோ ‘ஸ்னாப்ஸ்’ ப்ரொவொலோன் என்னும் தாதாவாகவும், மரீசா டோமே அவருடைய மகள் லீசாவாகவும் நடித்தனர். 109 நிமிடம் ஓடும் இப்படத்தின் பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள், ஒரே நாளின் காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் நடந்து முடிந்துவிடுகிறது.

பெயரைப் பார்த்தால் ஆஸ்கர் விருதைப் பற்றிய படம் போலிருக்கிறதே?

இல்லை. ஆஸ்கர் என்பது அந்த வீட்டில் முன்பு வேலை பார்த்துவிட்டுப் போன ஒரு காரோட்டியின் பெயர். படம் முழுவதும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், அவன்மேல் பழி போடுகிறார்கள், அவனைத் தேடி ஆள் அனுப்புகிறார்கள். அவன் மட்டும் கடைசி வரை கண்ணில் படுவதில்லை.

முடிவைச் சொல்லாமல் கதையைச் சொல்ல முடியுமா?

முயன்று பார்க்கலாம். 1931ஆம் ஆண்டு, நியூயார்க். சாகக் கிடக்கும் தந்தை, இனி நேர்மையாக வாழ வேண்டும் என்று ஸ்னாப்ஸிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடுகிறார். ஒரு மாதம் கழித்து, தன் பணத்தைக் கொண்டுபோய் ஒரு வங்கியில் போட்டு அதன் பங்குதாரராகிவிட ஸ்னாப்ஸ் ஏற்பாடு செய்திருக்கிறான். நண்பகலில் வங்கிக்காரர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அதற்குள் வீட்டையும் அடியாட்களையும் தன் பேச்சையும் கனவான்களுக்கு ஏற்றபடி மாற்றியாக வேண்டும்.

அன்று விடிந்ததும் விடியாததுமாக அவனுடைய கணக்கர் ஆன்டனி வந்து எழுப்புகிறான். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கிறான். உங்கள் மகளை விரும்புகிறேன் என்கிறான். உங்கள் பணத்தில் 50,000 டாலரைக் கையாடியிருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்கிறான். அந்தப் பணம் எப்படியும் உங்கள் மகளுக்குத்தானே வந்து சேரப்போகிறது என்பது அவன் நியாயம். ஸ்னாப்ஸ் மாடிக்குப் போய் மகளைக் கேட்டால், அவள் ஆன்டனி என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை. அப்படியானால் கணக்கர் காதலிப்பது யாருடைய மகளை? படத்தின் சிக்கல் அனைத்தும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைக்கிறது.

‘மூன்று பெட்டிகள்’ என்கிறார்களே, அது என்ன?

பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் மூன்று கறுப்புக் கைப்பெட்டிகள். ஒன்றில் பணம், ஒன்றில் நகைகள், ஒன்றில் வேலையை விட்டுப் போகும் பணிப்பெண்ணின் உள்ளாடைகள். எந்தப் பெட்டி எந்தக் கையில் இருக்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரியும், ஸ்னாப்ஸுக்குத் தெரியாது. மிகுந்த மிடுக்கோடு அவன் ஒரு பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நமக்கு முன்கூட்டியே சிரிப்பு வந்துவிடுவது அதனால்தான்.

மகள் தந்தையிடம் எதற்காக அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்கிறாள்?

படத்தின் உயிர்நாடி இந்தக் கேள்விதான் என்பது என் கருத்து; ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

லீசாவை யாரும் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. கேட்டதெல்லாம் கிடைக்கிறது. ஆனால் வாசலைத் தாண்ட முடியாது. தந்தைக்குப் பகைவர்கள் உண்டு. எனவே மகள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். உலகத்தைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படும் ஒரு பெண்ணுக்கு அந்த மாளிகையிலிருந்து வெளியேற ஒரே வழி கல்யாணம். அந்தக் கல்யாணத்தை உடனே நடத்திவைக்கத் தந்தையை நெருக்குவதற்குப் பணிப்பெண் நோரா ஒரு யோசனை சொல்லிக்கொடுக்கிறாள்: கருவுற்றிருப்பதாகச் சொல்லிவிடு. லீசாவும் சொல்லிவிடுகிறாள். யார் காரணம் என்று தந்தை கேட்கும்போது, ஊரிலேயே இல்லாத காரோட்டி ஆஸ்கரின் பெயரைச் சொல்கிறாள்.

இந்தப் பொய் எடுபடுவது எதனால் என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கை புரியும். நகரத்தில் எந்தத் தெருவில் எவன் என்ன செய்கிறான் என்பதெல்லாம் ஸ்னாப்ஸுக்கு அத்துப்படி. தன் வீட்டு மாடியில் இருக்கும் மகளின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் தெரியாது. அவள் பொய் சொல்லுகிறாளா என்று சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அவளோடு அவன் பழகியதே இல்லை. மனைவி சோபியாவுக்கும் கணவனை நம்பிப் பயனில்லை. இருவரும் குரலை உயர்த்தித்தான் பேசிக்கொள்கிறார்கள். இந்தப் பாத்திரத்தை ஏற்ற இத்தாலிய நடிகை ஆர்னெல்லா முத்தி, கோபத்திலும் கண்ணீரிலும் நகைச்சுவையின் தாளத்தைத் தவறவிடாமல் நடித்திருக்கிறார்.

மகள் கருவுற்றிருக்கிறாள் என்று கேட்ட நொடியில் ஸ்னாப்ஸ் செய்வதும் கவனிக்கத்தக்கது. அவன் மகளோடு உட்கார்ந்து பேசவில்லை. உடனே பேரம் பேசக் கிளம்புகிறான். கல்யாணமும் அவனுக்கு ஒரு கொடுக்கல் வாங்கல்தான். கையாடல் செய்த கணக்கரையே மாப்பிள்ளையாக்கிவிட்டால் பணமும் திரும்பும், மானமும் காப்பாற்றப்படும் என்று அவன் மனம் கணக்குப் போடுகிறது. மகளை எவ்வளவு நேசித்தாலும், அந்த நேசத்தைக் காட்டுவதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே மொழி பேரம்தான். அன்று காலையில் அவன் செய்யும் பேரம் ஒவ்வொன்றும் கவிழ்ந்துபோகிறது.

இது பிரெஞ்சு நாடகத்திலிருந்து வந்தது என்கிறார்களே?

உண்மைதான். கிளாட் மாக்னியே எழுதிய ‘ஆஸ்கர்’ என்ற நாடகம் 1958இல் பாரிஸில் மேடையேறியது. முதல் அரங்கேற்றத்தில் தந்தையாக பியேர் மோந்தியும், கையாடல் செய்யும் இளைஞனாக ஜான்-பால் பெல்மோந்தோவும் நடித்தனர். பின்னர் தந்தை வேடத்தை லூயி த ஃப்யூனே ஏற்றார். அந்த வேடம் அவருடைய மேடை வாழ்க்கையின் பெரும் வெற்றியாயிற்று. 1967இல் எடுவார் மொலினாரோ அதைப் படமாக்கியபோதும் அவரே நாயகன்.

பிரெஞ்சு மூலத்தில் தாதா யாரும் கிடையாது. தந்தை பெர்த்ரான் பார்னியே ஒரு பணக்காரத் தொழிலதிபர். சம்பள உயர்வு கேட்கும் ஊழியர், கையாடல், மகளின் பொய், பெட்டிகள், காணாமல்போன காரோட்டி ஆகியவையெல்லாம் மூலத்திலேயே இருக்கின்றன. அமெரிக்கத் திரைக்கதையை எழுதிய மைக்கேல் பாரியும் ஜிம் மல்ஹாலண்டும் அந்தத் தொழிலதிபரைத் தாதாவாக மாற்றினார்கள்.

தொழிலதிபரைத் தாதாவாக்கியதால் என்ன ஆயிற்று?

நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. தொழிலதிபரிடம் திருடிவிட்டு, திருடினேன் என்று அவரிடமே சொல்பவன் வேலையை இழப்பான், அவ்வளவுதான். தாதாவிடம் அதையே சொல்பவன் உயிரைப் பணயம் வைக்கிறான். ஆன்டனியின் துணிச்சலுக்கு இதனால் ஒரு புதிய எடை கிடைத்தது. நேர்மையாக வாழ்வதாக ஸ்னாப்ஸ் சத்தியம் செய்திருப்பதால் அவனால் ஆத்திரத்தையும் காட்ட முடியாது. அடிக்கக் கை ஓங்குவதும், சத்தியம் நினைவுக்கு வந்து கையை இறக்குவதுமாகவே ஸ்டாலோனின் பாதி நடிப்பு கழிகிறது.

அடியாட்கள் மூலத்தில் இல்லாத புதிய வரவு. படத்தின் மிகச் சிறந்த சிரிப்புகளும் அவர்களால்தான். ஆல்டோ என்ற அடியாள் இப்போது வீட்டுப் பரிசாரகன். கானி என்ற அடியாள் சமையற்காரன். இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு பிறந்தபின் கானியைச் சோதனை போடும் காட்சி இருக்கிறது. ஒரு துப்பாக்கியை எடுத்து வைக்கிறான். வேறு? இன்னொன்று. வேறு? ஒரு கத்தி. இனி ஒன்றும் இருக்காது என்று நாம் நினைக்கும்போதெல்லாம் அவன் உடையின் இன்னொரு மடிப்பிலிருந்து இன்னொரு ஆயுதம் வெளியே வருகிறது. முகத்தில் மட்டும் நகையைக் கழற்றி அடகு வைப்பவரின் சோகம். கானியாக நடித்த சாஸ் பால்மின்டெரிக்கு அப்போது பெரிய பெயர் இல்லை. 1994இல் வந்த இன்னொரு தாதா நகைச்சுவைப் படத்துக்காக அவர் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

கெட்டது என்னவென்றால், மூலத்தின் வேகம் குறைந்துவிட்டது. பிரெஞ்சுப் படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்கப் படத்தில் எதிர்க் கும்பலும், வீட்டை வேவு பார்க்கும் போலீசும், தையற்காரர்களும், வங்கிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்னாப்ஸ் திருந்திவிட்டான் என்பதைப் போலீசும் நம்பவில்லை, பகைவனும் நம்பவில்லை என்பது நல்ல கற்பனைதான். ஆனால் காமிரா தெருவுக்குப் போகும்போதெல்லாம் வீட்டுக்குள் ஏறியிருந்த சூடு தணிந்துவிடுகிறது.

கதையை 1931இல் வைத்தது ஏன்?

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. கள்ளச் சாராயத்தால் தாதாக்கள் பெரும் பணக்காரர்களானது அந்தக் காலத்தில்தான். அல் கபோன் வருமான வரி வழக்கில் தண்டிக்கப்பட்டது 1931 அக்டோபரில். அன்றைய தாதா ஒருவன், இத்தொழிலை இப்போதே விட்டுவிடுவோம் என்று நினைப்பதில் வியப்பில்லை.

இதைவிட முக்கியமான காரணம் வங்கிகள். பொருளாதாரப் பெருமந்தத்தின் அடி விழுந்து, அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 2,300 அமெரிக்க வங்கிகள் மூடப்பட்டன. கையில் ரொக்கம் வைத்திருப்பவன் யாராக இருந்தாலும் அவனுக்கு வாசற்கதவைத் திறந்துவிட வேண்டிய நிலையில் மற்ற வங்கிகள் இருந்தன. தாதாவின் வீட்டுக்கு வங்கிக்காரர்கள் தாமே கிளம்பி வருவது மற்ற எந்த ஆண்டிலும் செயற்கையாகத் தோன்றியிருக்கும், 1931இல் தோன்றவில்லை. வந்தவர்கள் அவனை எப்படி நடத்துகிறார்கள் என்பது முடிவைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

ஸ்டாலோனுக்கு நகைச்சுவை வருகிறதா?

பலர் வரவில்லை என்பார்கள். ஓரளவு வருகிறது என்பது என் தரப்பு. ‘ராக்கி’, ‘ராம்போ’ படங்களால் உலகப் புகழ் பெற்றவர் என்பதால், அவர் கையில் துப்பாக்கி இல்லாமல், கோடு போட்ட கோட்டோடு படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதைக் காண அன்றைய ரசிகர்கள் தயாராக இல்லை. த ஃப்யூனேயோடு ஒப்பிட்டால் அவர் தோற்பது உறுதி. 1967 படத்தில் த ஃப்யூனே ஆத்திரத்தின் உச்சத்தில் இல்லாத நீண்ட மூக்கு ஒன்றைத் தன் முகத்திலிருந்து இழுத்து, அதை வயலினாக வாசித்துக் காட்டுவார்; அந்த உடல்மொழி வேறு யாருக்கும் வாய்க்காது. ஸ்டாலோன் அதற்கு முயலவே இல்லை. ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு நாகரிகமாகப் பேச முயலும் மனிதனாக அவர் நடிக்கிறார்; அதில் அவர் குறை வைக்கவில்லை. பேச்சு வேகமாக ஓடும் இடங்களில்தான் தடுமாறுகிறார், நகைச்சுவையில் வேகம்தான் பாதி என்பதால் அந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது.

ஸ்னாப்ஸின் தந்தையாக ஆரம்பத்தில் வருபவர் கிர்க் டக்ளஸா?

அவரேதான். ஒரே காட்சி. மகனை அருகில் வரச் சொல்லி, மரணப் படுக்கையிலும் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டுத்தான் சத்தியம் கேட்கிறார். இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு: ‘ராம்போ’ வரிசையின் முதல் படத்தில் ஸ்டாலோனோடு கர்னல் வேடத்தில் நடிக்க ஒப்புக்கொண்டிருந்த டக்ளஸ், படப்பிடிப்பு தொடங்கும் வேளையில் விலகிவிட்டார். இருவரும் ஒரே திரையில் சேர்ந்தது இந்த அறையில்தான். சொல் இரு பொருளிலும் பொருந்துகிறது.

வேறு யாரைக் கவனிக்க வேண்டும்?

முதலில் டிம் கரி. ஸ்னாப்ஸுக்கு நல்ல ஆங்கிலம் கற்றுத்தர வரும் டாக்டர் பூல் என்ற மொழியறிஞராக வருகிறார். அந்த வீட்டில் அனைவரும் கத்திக்கொண்டிருக்கையில் அவர் ஒருவர் மட்டும் வார்த்தைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார். லீசாவை ஒரு மனுஷியாக மதித்துப் பேசும் முதல் ஆணும் அவர்தான் என்பதைத் திரைக்கதை அழுத்திச் சொல்லாமல் காட்டிவிடுகிறது.

பாதிரியாராக வரும் டான் அமீச்சி, அத்தையாக வரும் இவான் டி கார்லோ, திக்கித் திக்கித் துப்புச் சொல்ல வரும் எடி பிராக்கன் ஆகியோர் பழைய ஹாலிவுட்டின் ஆட்கள். 1930, 40களின் அதிவேக வசன நகைச்சுவைப் படங்களுக்கு லாண்டிஸ் செய்த மரியாதை என்று அந்த நடிகர் தேர்வைச் சொல்லலாம்.

மரீசா டோமேயைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். செல்லமாக வளர்ந்து சலித்துப்போன பெண்ணைக் கேலிச்சித்திரமாக்காமல், அதே சமயம் பரிதாபத்துக்கும் இடம் கொடுக்காமல் நடித்திருக்கிறார்.

தொடக்கத்தில் பொம்மை ஒன்று பாடுகிறதே, அது என்ன பாட்டு?

இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியின் ‘செவில் நகரத்து நாவிதன்’ என்ற இசைநாடகத்தில் (1816) ஃபிகாரோ பாடும் புகழ்பெற்ற பாடல். எல்லாரும் என்னையே கூப்பிடுகிறார்கள், எல்லாரும் என்னையே தேடுகிறார்கள் என்று ஃபிகாரோ அலுத்துக்கொண்டே பெருமையடித்துக்கொள்வான். அன்று காலை ஸ்னாப்ஸின் நிலைமையும் அதுவே. அந்த இசைநாடகத்தின் கதையும் பாதுகாவலர் ஒருவர் வீட்டுக்குள் பூட்டிவைத்திருக்கும் பெண்ணையும், மாறுவேடத்தில் வீட்டுக்குள் நுழையும் காதலனையும் பற்றியது என்பதை நினைத்துப் பார்த்தால், தேர்வு எவ்வளவு பொருத்தமானது என்று விளங்கும். படத்துக்கு இசையமைத்தவர் எல்மர் பெர்ன்ஸ்டைன்.

படம் ஏன் தோற்றது?

சுமார் 3.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் 2.35 கோடி டாலர் அளவுக்கே வசூலித்தது. விமர்சகர்களில் பெரும்பாலோர் கைவிட்டார்கள். மோசமான படங்களைக் கிண்டல் செய்யும் ராஸ்பெரி விருதுகளுக்கு ஸ்டாலோன், லாண்டிஸ், டோமே ஆகிய மூவரும் பரிந்துரைக்கப்பட்டார்கள். டோமேயின் பெயர் அதில் சேர்ந்தது எனக்கு இன்றும் புரியாத விஷயம். 1992இல் வந்த அடுத்த நகைச்சுவைப் படத்துக்காக அவருக்கு உண்மையான ஆஸ்கர் விருதே கிடைத்தது.

காரணங்களில் விளம்பரத்துக்கும் இடமுண்டு, ஸ்டாலோனின் பிம்பத்துக்கும் இடமுண்டு. இருப்பினும் அடிப்படைக் காரணம் வடிவத்தில் இருக்கிறது. இது கதவுகளை நம்பி எழுதப்பட்ட மேடை நகைச்சுவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாடகாசிரியர் ஜார்ஜ் ஃபெதோ பாரிஸில் செம்மைப்படுத்திய மரபு: ஒரு கதவு வழியாக ஒருவர் வெளியேற, மறு கதவு வழியாக அவரைப் பார்க்கவே கூடாத ஒருவர் உள்ளே வர வேண்டும். மேடையில் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் நம் கண்முன் இருக்கும். திரையிலோ காமிரா எந்தக் கதவைக் காட்டுகிறதோ அது மட்டும்தான் நமக்குத் தெரியும். லாண்டிஸ் இதை உணர்ந்து, முடிந்த இடங்களில் அகலமான சட்டகத்தில் பலரையும் ஒன்றாக நிறுத்துகிறார். ஆயினும் தாதா படம் என்று நம்பி வந்தவர்களுக்குச் சண்டையும் இல்லை, துரத்தலும் பெரிதாக இல்லை. நாடகம் பார்க்க விரும்பியிருக்கக் கூடியவர்கள் ஸ்டாலோன் பெயரைக் கண்டு டிக்கெட் எடுக்கவில்லை.

முடிவு என்ன ஆகிறது? (படம் பார்க்காதவர்கள் இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.)

ஆன்டனி காதலித்த பெண் தெரசா. தன்னை உயர்ந்த இடத்துப் பெண்ணாகக் காட்டிக்கொள்ள, நான் ஸ்னாப்ஸின் மகள் என்று அவனிடம் பொய் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ளத்தான் அவளே ஸ்னாப்ஸின் வீட்டுக்கு வருகிறாள். புதிதாக வேலைக்கு வரும் ராக்சேன் என்ற பெண் ஸ்னாப்ஸின் இளமைக்காலக் காதலி என்பது பிறகு தெரியவருகிறது. தெரசா அவ்விருவருக்கும் பிறந்தவள். சொன்ன பொய் உண்மையாகிவிடுகிறது. மாடியில் இருந்த மகளைப் புரிந்துகொள்ளாத தந்தைக்கு, இன்னொரு மகள் இருப்பதே இருபது ஆண்டுகளாகத் தெரிந்திருக்கவில்லை. மூலத்திலும் இந்தத் திருப்பம் உண்டு என்றாலும், எல்லாவற்றையும் வேவு பார்த்தே பிழைத்த தாதாவுக்கு இது நேரும்போது கேலி இன்னும் ஆழமாக இறங்குகிறது.

வங்கிக்காரர்கள் ஸ்னாப்ஸின் பணத்தை வாங்கிக்கொண்டு, அவனுக்கு எந்த அதிகாரமும் தராமல் பொம்மையாக உட்காரவைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்ததும் அவனுக்கு அது விளங்கிவிடுகிறது. இவர்களைவிடத் தன் ஆட்களே மேல் என்று முடிவு செய்து பழைய தொழிலுக்கே திரும்புகிறான். இறந்த தந்தைக்குக் கொடுத்த வாக்கு என்னாயிற்று என்று படம் கவலைப்படவில்லை. குற்றத்தை நியாயப்படுத்துகிறது என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. 2,300 வங்கிகள் மூழ்கிய ஆண்டில் மக்கள் சேமிப்பை இழந்து நின்றதை நினைத்தால் அந்தக் கேலியின் இலக்கு தாதா அல்ல என்பது தெளிவு.

கடைசியில் லீசாவுக்கும் டாக்டர் பூலுக்கும், தெரசாவுக்கும் ஆன்டனிக்கும் ஒரே மேடையில் இரட்டைக் கல்யாணம். ஆஸ்கர் அப்போதுதான் வந்து சேர்கிறான். வாயைத் திறப்பதற்குள் அடியாட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

அமெரிக்கத் தரப்படுத்தலில் ‘பிஜி’ (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) சான்று பெற்ற படம். ரத்தம் இல்லை, நிர்வாணம் இல்லை. கருவுற்றிருப்பதாகச் சொல்லும் பொய்தான் கதையின் அச்சு என்பதால், பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள்.

பிரெஞ்சுப் படத்தை முதலில் பார்ப்பதா, இதையா?

அமெரிக்கப் படத்தை முதலில் பார்ப்பது நல்லது. த ஃப்யூனேயைப் பார்த்துவிட்டு வந்தால் ஸ்டாலோன் நின்ற இடத்திலேயே உறைந்திருப்பதுபோல் தோன்றும். மாற்றிப் பார்த்தால், தெரிந்த கதையையே த ஃப்யூனே எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார் என்பதை ரசிக்கலாம். எதைப் பார்த்தாலும் முதல் பதினைந்து நிமிடத்தில் எழுந்து போகாமல் இருங்கள். கணக்கர் தந்தையை எழுப்பும் அந்தக் காட்சியில் ஒரு வரியைத் தவறவிட்டால், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு மணி நேரம் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கும்.